ஏழாம் அடுக்கில் எடுத்தது

காலை பதினொன்று பத்து. இந்த நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. என் அத்தாவின் கையெழுத்தில், பென்சிலில், ஒரு நோட்டில் இருக்கிறது. "11.10. ஏழாம் அடுக்கு, அடியிலிருந்து நான்கு விரல். சுருள் ஒன்று, உடையாதது. எடுத்தவர்: மகள்."

இதில் நேரம் சரி. சுருளும் சரி. அடுக்கு மட்டும் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

நம் வயதுக்காரர்கள் கூடினால் சின்ன வயதில் சொன்ன பொய்களைச் சொல்லிச் சிரிக்கிறோம். நோன்பு நாளில் வாய் கொப்பளிக்கிற சாக்கில் தண்ணீர் குடித்தது, ரேங்க் கார்டில் நாமே கையெழுத்துப் போட்டது. நானும் கூடச் சிரித்திருக்கிறேன். என் முறை வரும்போது அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போயிருக்கிறேன்.

இப்போது எழுதக் காரணம் என் மகன். கல்லூரியில் நிலவியல் இரண்டாம் ஆண்டு. வேறு எதையாவது எடு என்று எவ்வளவோ சொன்னேன். காரணம் சொல்லாமல் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? காலமான என் அம்மாவின் டிரங்குப் பெட்டியைப் போன வாரம் குடைந்து, அவன் நன்னாவின், அதாவது என் அத்தாவின், அந்த நோட்டை எடுத்துவிட்டான்.

"அம்மா, நன்னா ஏழாம் அடுக்குல சுருள் எடுத்திருக்காங்கம்மா. இதை வேற யாரும் எழுதினதே இல்ல. எங்க சார் பாத்துட்டு ஆடிப் போயிட்டாரு. சனிக்கிழமை அங்கதான் போறோம்."

"அந்தக் குவாரிதான் மூடிக் கிடக்கே?"

"கீழதான் தண்ணி. மேல் சுவர் அப்படியே நிக்குதாம். இன்னொண்ணு கிடைச்சாப் போதும். நன்னா சொன்னது சரின்னு ஆயிடும்." அந்தப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே காட்டினான். "எடுத்தவர் மகள்னு போட்டிருக்கே, நீதானேம்மா?"

"ஆமா" என்றேன். அதுவும் ஒரு பொய்தான்.

இன்றைக்குப் புதன்கிழமை. நேற்றிலிருந்து மழை பெய்கிறது.

*

நீடாமங்கலத்தில் கல் கிடையாது. வயலில் எவ்வளவு தோண்டினாலும் களி, அதற்குக் கீழே மணல், மறுபடி களி. நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டிதான். ரயில் தண்டவாளத்தில் கொட்டிய ஜல்லிதான் எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்த கல். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீடு முழுக்கக் கல்லாக இருந்தது.

அத்தா தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் ஆசிரியர். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். சனிக்கிழமைகளில் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போவார். வரும்போது தோளில் ஒரு மூட்டை இருக்கும்.

"மத்த வீட்டுல கட்டிலுக்குக் கீழ நெல்லு மூட்டை. நம்ம வீட்ல கல்லு மூட்டை" என்பார் அம்மா. சொல்லிக்கொண்டேதான் அந்தக் கற்களுக்குப் பை தைப்பார். அத்தாவின் பழைய கைலிகளைக் கிழித்து, கையகலப் பைகளாக, வாயில் நாடா கோத்து. சலவைக்காரரிடம் வாங்கிய குறி மையால் ஒவ்வொன்றிலும் எண் போடுவார். அடுக்குக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பை. ஒரு பையில் இருப்பது இன்னொன்றில் கலந்தால் அத்தா அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

வீட்டில் ஆசிட் பாட்டில் இருந்தது. கல்லில் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக்கொண்டு சீறும். சீறினால் சுண்ணாம்புக்கல். அந்தச் சத்தத்துக்காகவே நான் கண்ட கல்லிலும் விட்டு, அம்மாவின் தொழுகை விரிப்பில் பொட்டளவு ஓட்டை விழுந்தது. களிமண்ணைக் கரைத்து, டீ வடிகட்டியில் அலசி, கடுகைவிடச் சிறிய கிளிஞ்சல்களை அத்தா பிரித்தெடுப்பார். அதனால் எங்கள் வீட்டு டீயில் எப்போதும் ஒரு நரநரப்பு. அவருடைய மடக்கு லென்ஸ் ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கும். அதைக் கண்ணில் வைத்தால் பித்தளை வாசனையும் அவர் வியர்வை வாசனையும் சேர்ந்து வரும். அந்த லென்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை.

அவருடன் போகிறவர் லேப் அட்டெண்டர். எனக்கு லேப் அண்ணன். தரங்கம்பாடிப் பக்கம் கடல் தொழில் செய்கிற குடும்பம். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பார் என்பதால் படிக்க வைத்தார்களாம். அத்தா புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிற சிப்பியை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். குவாரிச் சுவரின் மூன்றாம் அடுக்கு முழுக்க உள்ளங்கை மொத்தத்தில் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும்.

"இது அலை ஒதுக்குன சிப்பி இல்ல சார். இருந்த எடத்துலயே செத்தது. ரெண்டு ஓடும் மூடியே கெடக்கு பாருங்க."

"அதுக்கு வயசு ஆறரைக் கோடிக்கு மேல தெரியுமா?"

"அப்ப நாம வர்றதுக்குள்ள கொழம்பு ஆறிப் போச்சு சார்."

அத்தா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. லேப் அண்ணனோடு இருக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன்.

*

அந்தச் சுவரில் ஒன்பது அடுக்குகள். அத்தா கீழிருந்து மேலாக வெள்ளை பெயின்டில் எண் போட்டிருந்தார். கீழே இருப்பது மூத்தது, மேலே போகப்போக இளையது. ஐந்தாம் அடுக்கு வரை ஒரு கடல் உயிரின் ஓடு கிடைக்கும். சுருண்ட பாம்பு மாதிரி, மேல்தோலில் இலை விளிம்பு போல நெளிகோடுகள். அம்மோனைட் என்று பெயர். எங்கள் வீட்டில் சுருள். டைனோசர்கள் அழிந்த அந்தப் பெரிய அழிவில் இந்தச் சுருள்களும் ஒன்று விடாமல் அழிந்தன. எனவே சுருள் இருக்கிற அடுக்கு அழிவுக்கு முந்தியது.

ஆறாம் அடுக்கு மெல்லியது, அதில் ஒன்றும் கிடைக்காது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு சாண் களிமண். ஏழில் யாரும் சுருள் பார்த்ததில்லை. அதனால் ஏழு அழிவுக்குப் பிந்தியது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. ஏழின் கல் ஐந்தின் கல்லேதான். அதே சாம்பல் நிறம், அதே மணல் துகள், அதே சிப்பி உடைசல். கல் ஒன்றென்றால் கடலும் ஒன்று, காலமும் ஒன்று என்பது அவர் கட்சி. பல வருட உழைப்பு அது. கட்டுரையாக எழுதிச் சென்னைக்கு அனுப்பினார்.

திருப்பி வந்துவிட்டது. யாரோ ஒரு பெரியவர் ஓரத்தில் எழுதியிருந்ததை அத்தா சோற்றில் கை வைத்தபடி அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். "கல் திரும்ப வரும். உயிர் திரும்ப வராது." ஒரே மாதிரிக் கடல் இரண்டு முறை வந்து ஒரே மாதிரிக் கல்லைப் படிய வைக்கலாம். ஆனால் அழிந்த உயிர் அழிந்ததுதான். வயது கேட்டால் கல்லைக் காட்டாதே, அதில் என்ன செத்துக் கிடக்கிறது என்று காட்டு. இதுதான் பெரியவரின் வாதம்.

"அவர் சொல்றது சரியாத்தானே இருக்கு?" என்றார் அம்மா.

"சரிதான். ஏழுல ஒரே ஒரு சுருள் கிடைச்சாப் போதும். ஒண்ணே ஒண்ணு." அன்றைக்கு மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

காலாண்டு விடுமுறை. என்னையும் குவாரிக்குக் கூட்டிப் போனார். வெயில். சுவரைப் பார்த்தால் கண் கூசியது. பாறையைப் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். நடுப் படியில் ஏறி நின்றால் ஏழாம் அடுக்கு என் தோள் உயரத்தில் இருந்தது.

இந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. கீழே உதிர்ந்து கிடப்பதை எடுத்து வயது சொல்லக் கூடாது. அது எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? சுவரில் பதிந்திருப்பதைப் பார்த்து, அளந்து, எழுதி, அதன் பிறகுதான் பெயர்க்க வேண்டும். காலையிலிருந்து மூன்று தடவை நான் உதிரிகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் நீட்டினேன். மூன்று தடவையும் அத்தா புரட்டிப் பார்த்து, "இது எந்த வீட்டுப் புள்ளைன்னு தெரியலையேம்மா" என்று தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டார்.

நாலாவதாகத்தான் அந்தச் சுருள். அரை இட்லி அளவு. படியின் அடியில், உடைந்த கல் குவியலில் மல்லாந்து கிடந்தது. அத்தா அந்தக் கோடியில் டேப் பிடித்துக்கொண்டிருந்தார். லேப் அண்ணன் தண்ணீருக்குப் போயிருந்தார். நான் சின்ன உளியை எடுத்துக்கொண்டு படியில் ஏறினேன். ஏழாம் அடுக்கின் அடியில், பெயின்ட் வழிந்த ஒரு வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் கல் பொடியாக இருந்தது. சுருள் உட்காருகிற அளவுக்கு நோண்டினேன். பிறகு கூப்பிட்டேன்.

"அத்தா. ஏழுல இருந்துச்சு. நானே எடுத்தேன்."

அவர் ஓடி வரவில்லை. மெதுவாக, நெஞ்சில் கை வைத்தபடி வந்தார். சுருளை வாங்கினார், பள்ளத்தைப் பார்த்தார், அதில் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது போலத்தான் இருந்தது.

"எடுக்கறதுக்கு முந்தி கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார். ஏழு எண் போட்ட பையில் போட்டு நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டினார். லேப் அண்ணன் குடத்தோடு வந்து பார்த்தார். சுருளை அல்ல, பள்ளத்தை. பிறகு என்னை. குடத்தை இறக்கி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தா லென்ஸை எடுத்து, சுருளில் ஒட்டியிருந்த துகளை ஏழாம் அடுக்குக் கல்லோடு வைத்துப் பார்த்தார். வேறு கல்லாக இருந்தால் அங்கேயே என் பொய் உடைந்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தன. இருக்காதா? ஐந்தும் ஏழும் ஒரே கல் என்று பல வருடமாக அவர்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரியாக இருந்ததால் என் பொய் தப்பித்துவிட்டது.

*

அடுத்த மூன்று வாரம் அத்தா வேறு ஆளாக இருந்தார். அம்மாவுக்குப் பூ வாங்கி வந்தார். வெண்ணாற்றுப் பாலத்தில் என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் போனார். தெருவில் பார்க்கிறவரிடமெல்லாம், "எம் புள்ள எடுத்தது" என்பார். அவர்களுக்கு என்ன எடுத்தது, எங்கே எடுத்தது என்று ஒன்றும் புரியாது. நான் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். கண் பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார்.

ஆனால் அத்தா நேர்மையானவர். ஒன்றை வைத்து எழுத மாட்டார். சுவரில் இருக்கும்போது படம் எடுக்கவில்லையே என்று கேட்பார்கள். இன்னொன்று வேண்டும், அவர் கையால் பெயர்த்தது. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி கழிந்து அந்தப் படியை வெடி வைத்து எடுக்கப் போகிறார்கள் என்றும் தகவல் வந்தது. அவருக்கு ஒரு சனிக்கிழமைதான் மிச்சம். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பியிருந்த லேப் அண்ணனையும் ஒரு நாள் நிறுத்தி வைத்தார்.

முந்தின நாள் முழுக்கக் கொட்டியது. சனிக்கிழமை விடிந்ததும் வெறித்தது. அத்தா ஷூ மாட்டும்போது அம்மா நிலைப்படியில் நின்றார். அம்மா விவசாயக் குடும்பம். களிமண்ணைக் காலால் அறிந்தவர்.

"ஏங்க, அங்க நடுவுல களிப்பட்டை இருக்குன்னு சொன்னீங்களே. மழை பேஞ்ச மறுநாள் வாய்க்கா கரை கூட வழுக்கிட்டு உக்காரும். இன்னிக்கு வேண்டாமே."

"அது கரை இல்ல, பாறை. கோடிக்கணக்கான வருஷமா நிக்குது."

அந்தக் களிமண் பட்டையை அத்தாவுக்கு நன்றாகத் தெரியும். அது படிய எத்தனை ஆயிரம் வருடம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அது நனைந்தால் என்ன செய்யும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அது அம்மாவுக்குத் தெரிந்த விஷயம்.

நான் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தா என் பக்கம் வந்து குனிந்தார்.

"ஏழுல எந்த எடம்மா? மறந்துட்டேன். மழையில அந்தப் பள்ளமும் கலைஞ்சிருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு எடது பக்கமா, வலது பக்கமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் பல்பொடி இருந்தது. துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடங்களில் நான் எத்தனையோ முறை அந்தப் பல்பொடியைத் துப்பிவிட்டேன்.

"எடது பக்கம். கோட்டுக்கு ஒட்டினாப்ல" என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

*

மாலை நாலு மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் ஆள் ஒருவர் வந்து சாச்சாவைத் தேடினார். சாச்சா அத்தாவின் தம்பி, கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். அவர் வந்து கூடத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஓரத்தில் போட ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடத்தில் ஏழும் எட்டும் ஒன்றாகச் சேர்ந்து, அந்த ஈரக் களியின்மேல் வழுக்கி வந்துவிட்டன. அத்தா வெள்ளைக் கோட்டின் கீழே குனிந்திருந்தார். லேப் அண்ணன் பத்தடி தள்ளி நின்றிருந்தார். அதோடு குவாரியை மூடிவிட்டார்கள்; மிச்சச் சுவருக்கு வெடி வைக்கவே இல்லை. மய்யித்தை ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு எடுத்தார்கள். கபன் துணியை மீறி ஒரு கையில் சுண்ணாம்புத் தூள் தெரிந்தது. குளிப்பாட்டியும் நகக்கண்ணில் போகவில்லை.

கல்லூரியிலிருந்து வந்தார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கு லேப் அண்ணன் மட்டும் வரவில்லை. "மழையில கூட்டிட்டுப் போயி அண்ணனைக் கொன்னுட்டான். மூஞ்சி காட்டுவானா?" என்றார் சாச்சா. கூடம் முழுக்க அதையே சொன்னார்கள். அடுத்த வாரங்களில் கல்லூரியும் அதையே சொன்னது. கூடப் போன ஆள் தடுத்திருக்க வேண்டும் என்று மெமோ கொடுத்து, அவரைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எடுத்து வாசல் காவலில் போட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறை தரங்கம்பாடி போயிருந்தபோது அவரைத் தேடிப் போனேன். "பாப்பா, நல்லா இருக்கியா?" என்று கேட்டு எறா வறுத்துக் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினேன். இப்போது அவரும் இல்லை.

சுருளை நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய அன்று வெண்ணாற்றில் எறிந்தேன். கல்லே இல்லாத மண்ணில் அது கிடக்கிறது. பின்னொரு காலத்தில் யாராவது அதைத் தோண்டி எடுத்தால் அவர்களும் ஏமாறுவார்கள்.

அம்மா அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். மிச்சப் பைகளைக் கரித்துணி ஆக்கினார். ஆசிட் பாட்டிலைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். நோட்டை மட்டும் வைத்திருந்தார். மகன் அதைக் கொண்டுவந்தபோதுதான் கவனித்தேன், 11.10 இருக்கிற பக்கத்தின் மூலை மடித்திருந்தது. மடித்தது அத்தாவா, அம்மாவா என்று தெரியாது. என்னிடம் அம்மா ஒரு முறைகூட எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியாது.

இதை எழுதி முடித்ததும் என் மகனிடம்தான் முதலில் கொடுக்கப் போகிறேன். சனிக்கிழமைக்குள் அவன் படிக்க வேண்டும். அந்தச் சுவரில் எதுவும் இல்லை. அதற்குச் சாட்சி சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் சொன்னதை அவனுக்காக அப்படியே எழுதுகிறேன்.

அத்தா இறந்த மூன்றாம் நாள், மாலை அஸர் தொழுகை நேரம். லேப் அண்ணன் வந்தார். அதே சட்டை, தோளில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார் சாச்சா.

"போலீஸ் ஸ்டேஷன்ல விசாரணைன்னு உக்கார வச்சுட்டாங்க. இப்பதான் விட்டாங்க."

அம்மா, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில், உள் அறையில் இருந்தார். அந்நிய ஆணோடு பேசக் கூடாது என்று பெண்கள் தடுத்ததையும் மீறித் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். திரைக்குக் கீழே அவர் பாதம் மட்டும் தெரிந்தது. லேப் அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுபோன நான் இருவருக்கும் நடுவில் சொம்போடு நின்றேன்.

"மழை பேஞ்ச மண்ணுல அவ்வளவு நேரம் எதுக்கு நின்னாரு?" என்றது அம்மாவின் குரல். "அதை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

லேப் அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து என் கையில் வைத்தார். அத்தாவின் நீலக் கட்டக் கைலி. ஏழு என்று எண். சுருளை வீட்டில் வைத்துவிட்டு, இரண்டாவதைப் போட அத்தா கொண்டுபோன பை. நாடா அவிழ்ந்து, காலியாக இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துப் பேசினார்.

"போய் அரை மணி நேரத்துல நான் சொல்லிட்டேம்மா. இங்க ஒண்ணும் இல்ல சார், தண்ணி ஊறுது, ஏறிடுவோம்னு. கேக்கல. மூணு மணி நேரம் தேடினாரு. அந்த வெள்ளைக் கோட்டை விட்டு ஒரு முழம் நகரல. 'எம் புள்ள காட்டுன எடம் தம்பி இது, அது பொய் சொல்லாது, இங்கதான் இருக்கும்'னு சொல்லிட்டே இருந்தாரும்மா."